இணையச் சேவை நிறுவனங்களின் குறுக்கீடு

இணையச் சேவை நிறுவனம் என்பது வாடிக்கையாளரின் கருவிக்கும் அவர் பார்க்க விரும்பும் இணையத்தளத்துக்கும் இடையே தகவலைக் கொண்டு சேர்க்கும் நிறுவனம் ஆகும். ஏறக்குறைய தபால்காரர் வேலைதான். கடிதத்தைப் பிரித்துப் படிப்பது, அதற்குள் வேறொரு தாளைச் செருகுவது, சில கடிதங்களைக் கொடுக்காமல் நிறுத்திவிடுவது ஆகியன குறுக்கீடு எனப்படும்.

தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்ட நிகழ்வு 2012-இல் நடந்தது. தனுஷ் நடித்த '3', தெலுங்குப் படமான 'தம்மு' ஆகியவற்றின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரி, பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிரான தடை உத்தரவுகள் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெறப்பட்டன. அவற்றைக் காட்டிச் சில நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களை முழுமையாகவே மூடின. ஒரு புத்தகத்துக்காக நூலகத்தையே பூட்டியது போன்ற செயல் இது. படம் வைக்கப்பட்டுள்ள குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே தடை பொருந்தும், முழுத் தளத்துக்கும் அன்று என்று ஜூன் 2012-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஜூன் 2015-இல் வேறுவகைக் குறுக்கீடு வெளிப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த நிரலாளர் தேஜேஷ் ஜி.என்., ஏர்டெல் 3ஜி வழியாகத் தம் வலைப்பூவைத் திறந்தபோது, தாம் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதில் இருப்பதைக் கண்டார். ஆதாரத்தை கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார். நன்றிக்குப் பதில் அவருக்கு வந்தது வக்கீல் நோட்டீஸ்! அந்நிரலுக்கு உரிமை கோரிய ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் சார்பில் அது அனுப்பப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் தம் டேட்டா பயன்பாட்டை அறிய உதவும் சோதனை முயற்சி என்று ஏர்டெல் விளக்கியது. நோட்டீசுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் கூறியது. நோக்கம் எதுவாயினும், பிறர் எழுதிய பக்கத்தில் கேளாமல் கைவைத்தது தவறே.

அதே ஆண்டில் இணையச் சமநிலை விவாதமும் சூடுபிடித்தது. டிராய் மார்ச் 2015-இல் வெளியிட்ட கலந்தாய்வுத் தாளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 8 பிப்ரவரி 2016 அன்று, தளத்துக்குத் தளம் வேறுபட்ட டேட்டா கட்டணம் வசூலிப்பது தடைசெய்யப்பட்டது. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' இந்தியாவில் முடிவுக்கு வந்தது. வேகத்தைக் குறைப்பது, தடுப்பது போன்ற பாகுபாடுகளுக்கு எதிரான விதிகள் 2018-இல் ஏற்கப்பட்டன.

அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்கீழ் ஆணையிடும் தடை வேறு. அதை நிறுவனங்கள் நிறைவேற்றியே ஆகவேண்டும். ஆயினும் எல்லா நிறுவனங்களும் ஒரே பட்டியலைத் தடுப்பதில்லை, ஒரே முறையில் தடுப்பதுமில்லை என்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஏற்காடு போன்ற மலையூரில் இது முக்கியம். சேலத்தில் ஒரு சிம் சரியில்லை என்றால் இன்னொன்று வாங்கலாம். சேர்வராயன் மலைச் சிற்றூரில் எந்த கோபுரத்தின் சிக்னல் எட்டுகிறதோ அதுதான் சேவை. முகவரியில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிய மாணவர்களுக்கு 'பக்கம் இல்லை' என்பதற்குப் பதில் விளம்பரப் பக்கம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அது டிஎன்எஸ் வழிக் குறுக்கீடு. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏடு. வழக்கமாக நிறுவனத்தின் ஏட்டையே நம் கருவி கேட்கும். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் வேறொரு நம்பகமான சேவையின் பெயரைக் கொடுத்தால், கேள்வி மறையாக்கம் செய்யப்பட்டு அங்கே போகும். ஃபயர்பாக்ஸ், குரோம் உலாவிகளிலும் இத்தகைய வசதி உண்டு.

நிரல் செருகலுக்கு மருந்து எச்டிடிபிஎஸ். சாதாரண எச்டிடிபி அஞ்சலட்டை. எச்டிடிபிஎஸ் முத்திரையிட்ட உறை. இடையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் உலாவி கண்டுகொள்ளும். முன்பு சான்றிதழுக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 இறுதியில் அதை எல்லோருக்கும் இலவசமாக்கியபின் சிறு தளங்களும் மாறின. இன்று உலாவி அமைப்பில் 'எச்டிடிபிஎஸ் மட்டும்' என்பதை இயக்கி வைப்பது நல்லது.

ஆனால் உறையின்மேல் முகவரி தெரியத்தானே செய்யும்? எஸ்என்ஐ எனும் பகுதியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் மறையாக்கமின்றியே செல்கிறது. அதைப் பார்த்து ஜியோ தளங்களைத் தடுப்பதை பெங்களூரின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் 2019-இல் எடுத்துக்காட்டியது. விபிஎன் பயன்படுத்தினால் இப்பெயரும் சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். இலவச விபிஎன்களில் கவனம் தேவை. வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் ஏப்ரல் 2022-இல் ஆணையிட்டதும், எக்ஸ்பிரஸ் விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன.