தகரத் துண்டு முதல் குடும்ப அட்டை வரை: மலையகத் தமிழரும் குடியுரிமை விண்ணப்பங்களும்

இலங்கையின் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர், தாம் பிறந்து உழைத்த நாட்டிலேயே குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அது தள்ளுபடியானபோது, பலர் கண்ணால் கூடப் பார்த்திராத இந்தியாவுக்கு இன்னொரு விண்ணப்பம் போட்டனர். அவர்கள் எந்த நாட்டவர் என்பதை முடிவு செய்தது வாழ்ந்த வாழ்க்கையா, கையில் இருந்த காகிதமா என்ற கேள்வி 1948 முதல் இன்றுவரை தொடர்கிறது.

வந்தபோது இருந்த காகிதம்

1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டிக் கொண்டுபோனார்கள். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் இறந்தவர்கள் ஏராளம். அப்போது அவர்களிடம் கடவுச்சீட்டு, விசா எதையும் யாரும் கேட்கவில்லை. தேவைப்பட்டது உழைப்பு மட்டுமே.

காகிதமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிக்கலாம் என்று ஒரு தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதில் இருந்தது ஆளின் உரிமை அல்ல, ஆளின் மீதான கடன். 1921இல்தான் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் வழிச்செலவுக்குப் பணம் தர வேண்டியதில்லை. செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பின்னர் மண்டபத்தில் அமைந்த முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் சில நாட்கள் இருந்துவிட்டுத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஆட்களைக் கணக்கு வைக்க உதவின. அவர்கள் எப்போது வந்தார்கள், எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதற்கு அவர்கள் கையில் ஒரு சான்றும் மிஞ்சவில்லை. இது பின்னால் பெரும் வினையாக முடிந்தது.

1948, 1949 சட்டங்கள்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. தோட்ட வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கை கொடுத்தன. மறு ஆண்டே டி. எஸ். சேனநாயக்க அரசு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்த நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர், தம் தந்தையும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். சட்டத்தின் சொற்கள் எல்லாருக்கும் பொதுவானவை. ஆனால் சிங்கள விவசாயியிடம் யாரும் தந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை. லயத்துக் கூலியிடம் கேட்டார்கள்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை அது தந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் 'தொடர்ச்சி' அறுந்துவிடும். மனைவியும் சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே இருந்தார்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அப்படி ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கிவிட்ட மனைவியால் கணவனின் விண்ணப்பமே அடிபட்டது. ஊரிலுள்ள தாய்தகப்பனுக்குப் பணம் அனுப்பியதும், பயணத்துக்காகத் தற்காலிக வதிவிட அனுமதி எடுத்ததும்கூட, இலங்கையில் நிலைத்து வாழும் எண்ணம் இல்லை என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டன.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்பு மனம் மாறி, விண்ணப்பிக்கும்படி மக்களைக் கேட்டது. அந்த இடைவெளியில் போன காலத்துக்குக் கொடுத்த விலை அதிகம். 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதிக் கெடு முடிவதற்குள் படிவங்களை அவசர அவசரமாக நிரப்ப வேண்டியதாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் தொழிற்சங்கக்காரரும் எழுதிக் கொடுத்தனர். ஒரே ஆளின் பெயர் செக்ரோலில் ஒரு விதமாகவும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தால், அதுவே சந்தேகத்துக்கு இடமாகும். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியவர்கள் ஏறத்தாழ 8,25,000 பேர். குடியுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கு மட்டுமே.

இதற்கிடையே 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களின் வாக்கைப் பறித்துவிட்டது. இதை எதிர்த்துக் கோடாகன் பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது.

ஏழுக்கு நான்கு

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டனர். சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. 7 பேர் இந்தியாவுக்குப் போனால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்ற விகிதமும் இருந்தது. ஒரு குடும்பம் கப்பல் ஏறுவதைப் பொறுத்தே இன்னொரு குடும்பத்தின் உரிமை அமைந்தது என்பது இதன் பொருள்.

இந்தியாவுக்கு எழுதியவர்கள் கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு பெற்றார்கள். அது கைக்கு வந்ததும் பிறந்த நாட்டில் வெளிநாட்டவர் ஆனார்கள். நாடு திரும்பும் நாள்வரை, அல்லது 55 வயதுவரை, வதிவிட விசாவில் அதே தேயிலை மலையில் கொழுந்து பறிக்கலாம். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற இரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. இவர்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டமா, நூற்பாலையா, வியாபாரக் கடனா என்ற மறுவாழ்வுத் திட்டத்தை அந்த அட்டையே சொல்லும். வியாபாரமே செய்தறியாத தோட்டத் தொழிலாளருக்கு வியாபாரக் கடன் எதற்கு உதவும் என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம். பலர் கடன் தொகை கரைந்ததும் வேலை தேடிக் கூடலூர், கோத்தகிரி மலைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று இழிவுபடுத்தப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

கப்பல் நின்ற பிறகு

போரின் காரணமாக 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு புறப்படக் காத்திருந்த சுமார் 84,000 பேர் இலங்கையிலேயே தங்கிவிட்டனர். கடவுச்சீட்டின் காலம் முடிந்தது; பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர் பலருக்கு வழி திறந்தது. 2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 1964 ஒப்பந்த நாளிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது. ஐ.நா. அகதிகள் முகமையின் உதவியோடு தோட்டங்களுக்கே சென்று நடத்திய நடமாடும் முகாம்களில், பத்து நாட்களில் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். மனம் இருந்தால் எவ்வளவு விரைவில் முடிகிற காரியம் இது!

அதே 2003ஆம் ஆண்டில் இந்தியாவில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் எதிர்த் திசையில் சென்றது. செல்லத்தக்க கடவுச்சீட்டு இன்றி வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அவர்கள் பதிவு மூலம் குடியுரிமை பெற முடியாது. 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பிப் படகில் வந்த மலையகத் தமிழர்களும் இந்த வரையறைக்குள் வந்துவிட்டார்கள். முறைப்படி கப்பலில் வந்த அண்ணன் குடும்பம் இந்தியர். வரிசையில் காத்திருந்து கலவரத்தில் படகேறிய தம்பி குடும்பம் முகாம்வாசி. இத்தகையவர்கள் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிமன்றம், அவர்கள் குடியுரிமை கேட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும், மைய அரசு அதைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.