ஆறு பாடத்தில் உலகம்

அமெரிக்கக் கல்லூரிகளில் உயிரியலோ கணினியோ முதன்மையாகப் படிக்கும் மாணவர், ‘மைனர்’ என்று இன்னொரு துறையிலும் ஐந்தாறு பாடங்கள் படிக்கலாம். உலகை அறிய ஆசைப்படுகிறவருக்கு அங்கே இரண்டு வழிகள். ஒன்று, சர்வதேச விவகாரம். மற்றது, ஒரு நிலப்பகுதியின் மொழி, வரலாறு, சமயம், இலக்கியத்தைச் சேர்த்துப் படிக்கும் வட்டார ஆய்வு. சில கல்லூரிகள் இரண்டையும் கலந்தும் தருகின்றன.

சர்வதேச விவகாரம் முதல் உலகப் போரின் துயரத்தில் வேர்விட்டது. வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் 1919-இல் சர்வதேச அரசியலுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. இன்னொரு போர் மூளாமல் தடுப்பது எப்படி என்பதே அன்றைய கேள்வி. அதனால் ஒப்பந்தம், வல்லரசுகளின் பலச் சமநிலை, பன்னாட்டு மன்றங்கள் என்று அரசுகளுக்கு இடையில் நடப்பதையே அது கவனித்தது. வட்டார ஆய்வைப் பெருகவைத்தது அச்சம். 1957-இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும், அடுத்த ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி, பிறமொழிப் படிப்புக்குப் பணம் ஒதுக்கியது. சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் வகுப்புகளுக்கும் இந்த நிதி கைகொடுத்திருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வியட்நாம் போரைப் போல் காட்டும் நிகழ்வு வேறில்லை. ஜார்ஜ் கென்னன் பெர்லினில் ரஷ்ய மொழியும் வரலாறும் முறையாகப் பயின்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி. சோவியத் விரிவாக்கத்துக்கு அணைபோட வேண்டும் என்ற கொள்கை, 1946-இல் மாஸ்கோவிலிருந்து அவர் அனுப்பிய நீண்ட தந்தியிலிருந்து வளர்ந்தது. ரஷ்யாவை அறிந்தவர் ரஷ்யாவைக் குறித்துச் சொன்னது அது. வாஷிங்டன் அதை உலகம் முழுவதற்குமான சூத்திரமாக்கி, வியட்நாமிலும் பொருத்தியது. 1966-இல் செனட் குழுவின் முன் கென்னனே அந்தப் போரில் மேலும் இறங்குவதை எதிர்த்துப் பேசினார். இந்தோசீனாவை அறிந்த வல்லுநர்கள் அரசில் இல்லாமல் போனதைப் போரின்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மக்னமாரா 1995-இல் தம் நூலில் ஒப்புக்கொண்டார். சீனாவை நன்கறிந்த அதிகாரிகளைத்தான் எங்கும் கம்யூனிஸ்ட் ஆதரவாளரைத் தேடிய மெக்கார்த்தி காலத்துச் சந்தேகம் வெளியேற்றிவிட்டதே! சீனாவை வியட்நாமியர் பல நூற்றாண்டுகள் எதிர்த்த வரலாறு தெரிந்திருந்தால், இரு கம்யூனிஸ்ட் நாடுகளும் ஒரே அணியாகவே நிற்கும் என்று நம்பியிருக்க மாட்டார்கள். 1979-இல் அவ்விரு நாடுகளும் தமக்குள்ளேயே போரிட்டன.

வட்டார ஆய்வு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸின் இலக்கியத்தில் ஊறியவருக்கும், 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை தெரியாவிட்டால், அந்நாடு சீனாமீது தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பு புரியாது. ஒரு பண்பாட்டின் மேல் கொண்ட அன்பு, அந்த நாட்டு அரசின் கணக்குகளைத் தானாக விளக்கிவிடாது.

ஆனாலும் கையில் ஆறே பாடங்கள் இருந்தால் என் தேர்வு வட்டார ஆய்வுதான். மூன்றை ஒரே மொழிக்குக் கொடுக்கலாம். இரண்டை அந்த நிலத்தின் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும். மிஞ்சும் ஒன்றைப் பன்னாட்டுச் சட்டத்துக்கு. கோட்பாட்டு நூல்களை வேலைக்குப் போன பிறகும் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். மொழிக்கு அன்றாடப் பயிற்சியும், தவறைத் திருத்த ஆசிரியரும், உடன் பேசச் சக மாணவர்களும் வேண்டும். அந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பது கல்லூரியில்தான்.