கப்பலில் வந்து கண்டி பார்த்தல்

கொழும்பில் தரிக்கும் உல்லாசக் கப்பல்களின் பயணிகளுக்குக் கண்டி ஒருநாள் சுற்றுலா. ஏறத்தாழ 115 கிலோமீற்றர். போய்வரவே ஆறேழு மணித்தியாலங்கள் கழிந்துவிடும். மிஞ்சும் பொழுதில் தலதா மாளிகை, பழைய அரண்மனைக் கட்டடங்கள், நன்னீர் ஏரி.

பேருந்து கடுகண்ணாவை வழியே ஏறுவதால் குருநாகல் வீதியிலுள்ள கலகெதர கண்ணில் படாது. 1765 இல் ஒல்லாந்தர் படை அந்தக் கணவாயால் வந்துதான் தலைநகரைச் சூறையாடியது.

ஏரி அவ்வளவு பழையதல்ல. வயல் நிலத்தில் அதை 1807 இல் வெட்டத் தொடங்கியவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். குடிகளை வருத்தி வேலை வாங்கினான் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அவசரச் சுற்றுலாவில் இதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்? 1815 இல் பிரித்தானியர் அவனைப் பிடித்து வேலூருக்கு நாடுகடத்தினர். ஊர் திரும்பாமலே 1832 இல் இறந்தான். நினைவு மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது.