தனித்தொகுதியில் ‘தனி’ எது?



திருவக்கரையில் வாக்குச்சாவடிக்குப் போகிற ஒருவர், சட்டமன்றத் தேர்தலானாலும் நாடாளுமன்றத் தேர்தலானாலும் தனித்தொகுதியில்தான் வாக்களிக்கிறார். சட்டமன்றத்துக்கு வானூர், நாடாளுமன்றத்துக்கு விழுப்புரம்; இரண்டும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. பக்கத்தில் உள்ள திண்டிவனமும் 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு தனித்தொகுதி. அதனால் இந்த வட்டாரத்தில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ஊர்த்தெருவில், “அது அவங்க தொகுதி, அவங்களே ஆளைத் தேர்ந்தெடுத்துக்கிறாங்க” என்பார்கள். சேரியில், “நம்மாளுதான் எம்.எல்.ஏ., ஆனா நம்ம பேச்சு அங்க எடுபடலையே” என்பார்கள். இரண்டாவது பேச்சுக்கான காரணம் முதல் பேச்சில் உள்ள பிழையில் இருக்கிறது.

‘தனி’ என்ற சொல்தான் முதலில் ஏமாற்றுகிறது. தனித்தொகுதியில் ஒதுக்கப்படுவது வேட்பாளராக நிற்கும் தகுதி மட்டுமே. வாக்காளர் பட்டியல் எல்லோருக்கும் பொது. தமிழ்நாட்டின் 44 தனித்தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் தலித் வாக்காளர்கள் சிறுபான்மையினர். யார் வெல்வது என்பதை மற்றவர்களின் வாக்குதான் முடிவு செய்கிறது. (இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “பத்து வருசத்துக்குத்தானே இடஒதுக்கீடு கொடுத்தாங்க” என்று கேட்பவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 334ஆம் பிரிவைப் படித்ததில்லை. அந்தக் கால வரம்பு சட்டமன்ற, மக்களவை இடங்களுக்கு மட்டுமே. கல்விக்கும் வேலைக்கும் அல்ல.)

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, தீண்டப்படாத மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதியில் ஒரு வாக்கும் பொதுத்தொகுதியில் ஒரு வாக்கும் தந்தது. காந்தியின் உண்ணாவிரதமும், செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தமும் நாம் அறிந்த கதை. இரட்டை வாக்குரிமை போனது, 71 இடங்கள் 148 ஆயின என்று மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் அம்பேத்கரும், நம் மாகாணத்தின் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தை நாம் போதுமான அளவு பேசியதில்லை.

ஒவ்வொரு ஒதுக்கீட்டு இடத்துக்கும் இரண்டு கட்டத் தேர்தல் என்கிறது அந்த ஷரத்து. முதல் கட்டத்தில் தொகுதியின் தலித் வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதாவது, கடைசி முடிவு நம் கையில் இல்லாவிட்டாலும் வேட்பாளர்கள் யார் யார் என்பது நம் கையில் இருந்தது.

நடைமுறையில் அது ஓட்டை உள்ள ஏற்பாடுதான். நான்கு பேருக்கு மேல் போட்டியிடாத இடங்களில் முதல் கட்டத் தேர்தலே நடக்கவில்லை. நடந்த இடங்களிலும், தலித் மக்களிடம் நான்காவதாக வந்தவர் பொதுவாக்கில் முதலாவதாக வர முடியும். 1937இல் சென்னை மாகாணத்தின் 30 ஒதுக்கீட்டு இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் எடுத்துக்கொண்டது. 1946இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் அம்பேத்கர் முதல் கட்ட முடிவுகளைத்தான் சுட்டிக்காட்டினார். தலித் மக்களின் மனம் அங்கே தெரிகிறது, இரண்டாம் கட்டத்தில் அது அழிக்கப்படுகிறது என்பது அவர் வாதம்.

ஓட்டையை அடைக்க ஒரு முயற்சியும் நடந்தது. 1947 ஆகஸ்டில் அரசமைப்பு அவையில் சென்னை மாகாண உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒதுக்கீட்டு இடத்தில் வெல்பவர் பட்டியல் சாதியினரின் வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும் என்றது அது. சர்தார் படேல் எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. புதிய அரசமைப்புச் சட்டத்தில் முதல் கட்டத் தேர்தலும் இடம்பெறவில்லை. அதன்பின் 1952இல் பம்பாய் வடக்கில் அம்பேத்கரே காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் தோற்றார்.

அன்று ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் என்ற முறையும் இருந்தது. பொது இடம் ஒன்று, ஒதுக்கிய இடம் ஒன்று. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்குப் போட்டார். ஒதுக்கீடு பெற்றவர் பொது இடத்தையும் வெல்லலாம் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

முதல் கட்டத் தேர்தல் உண்மையில் ஒழிந்துவிட்டதா? இல்லை, கட்சி அலுவலகத்துக்கு இடம் மாறிவிட்டது. ‘கட்சி உறுப்பினர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்’ என்று நினைக்கிற மாணவர்கள் இன்றும் உண்டு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்பாளரின் தகுதியையும் வைப்புத்தொகையையும் விரிவாகச் சொல்கிறது. கட்சி அவரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. விருப்ப மனு, கட்டணம், நேர்காணல் எல்லாம் கட்சிகளின் சொந்த வழக்கம். “எவ்வளவு செலவு செய்வீங்க?” என்ற கேள்வியைத் தாண்ட வேண்டும். தனித்தொகுதியில் இன்னொரு எழுதாத தகுதியும் உண்டு: ஊருக்குள் ‘எதிர்ப்பு இல்லாதவர்’ ஆக இருக்க வேண்டும். வன்கொடுமை வழக்குக்காகக் காவல் நிலைய வாசலில் நின்றவருக்கு அந்தத் தகுதி கிடைக்காது. கடைசியில் தலைமை அனுமதித்தவர் கையெழுத்திட்ட ‘பி’ படிவம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வேட்பாளர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இது பழகிய தந்திரம். டெக்சாஸ் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளர் தேர்வில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று வைத்திருந்தது. நாங்கள் தனியார் அமைப்பு, எங்கள் விருப்பம் என்றது. அங்கே அந்தக் கட்சிதான் எப்போதும் வெல்லும் என்பதால், பொதுத்தேர்தலில் கறுப்பினத்தவருக்கு இருந்த வாக்கு வெறும் தாள். 1944இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வேட்பாளர் தேர்வும் தேர்தலின் பகுதிதான் என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. இங்கே அது இன்னும் கட்சியின் உள்விவகாரம்.

நம் பகுதிக்கு வருவோம். திண்டிவனம் பொதுத்தொகுதியாக இருந்தபோது 2001, 2006 தேர்தல்களில் வென்ற சி.வி. சண்முகம், அது தனித்தொகுதியானதும் 2011இல் விழுப்புரத்தில் நின்று வென்றார். அதில் தவறேதும் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு: ஒதுக்கப்படுவது தொகுதி மட்டும்தான். மாவட்டச் செயலாளர் பதவியும், நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உள்ள நாற்காலியும் எந்தக் கட்சியிலும் ஒதுக்கப்படுவதில்லை.

சின்னத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. 2001இல் திருமாவளவன் மங்களூர் தனித்தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2004இல் அந்தப் பதவியை விட்டு விலகினார். இன்னொரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் சட்டத்தின் கண்ணில் அந்தக் கட்சியின் உறுப்பினர். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி அவரை அந்தக் கட்சியின் கொறடா கட்டுப்படுத்துவார். விழுப்புரத்திலும் இதே நிலைதான். 2019இல் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று வென்றார். மக்களவைப் பதிவேட்டில் அவர் தி.மு.க. உறுப்பினர். 2024இல் அதே ரவிக்குமார், அதே தொகுதியில், பானைச் சின்னத்தில் வென்றார். அந்த ‘பி’ படிவத்தை வழங்கியது விடுதலைச் சிறுத்தைகள் கட்சி. இதைச் சிறிய மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் தலித் தலைமையிலான கட்சியிலும் வேட்பாளர் யார் என்பதை முகாமில் உள்ள தோழர்கள் வாக்களித்து முடிவு செய்வதில்லை. எந்தத் தொகுதி என்பதைக் கூட்டணியின் பெரிய கட்சிதான் தருகிறது. பொதுத்தொகுதியில் தலித்துகள் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2001 இடைத்தேர்தலில் தலித் எழில்மலை திருச்சிராப்பள்ளிப் பொதுத்தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராக வென்றிருக்கிறார். 2021இல் நாகப்பட்டினம், திருப்போரூர் என்ற இரண்டு பொதுத்தொகுதிகளைச் சிறுத்தைகள் வென்றார்கள்; அதே தேர்தலில் வானூர் தனித்தொகுதியில் தோற்றார்கள். 2024 கூட்டணிப் பேச்சுவார்த்தையில் அவர்கள் பொதுத்தொகுதி ஒன்றையும் கேட்டார்கள். கிடைத்தவை சிதம்பரமும் விழுப்புரமும், இரண்டுமே தனித்தொகுதிகள்.