ஓசூருக்குக் கிடைத்தது, பென்னாகரத்துக்கு ஏன் வரவில்லை?

பின்தங்கிய பகுதிகளுக்கு அரசு கொடுத்த தொழில் சலுகைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஓசூரில் வந்துதான் நிற்கிறேன்.

கதை 1968இல் தொடங்குகிறது. திட்டக்குழு சார்பில் இரண்டு குழுக்கள். எவை பின்தங்கிய பகுதிகள் என்று சொல்ல பாண்டே குழு, என்ன சலுகை தரலாம் என்று சொல்ல வாஞ்சூ குழு. அதன் பிறகு 1971 வாக்கில் மத்திய முதலீட்டு மானியம் வந்தது. நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றில் போடும் முதலில் 10 சதவீதத்தை அரசே கொடுக்கும். 1973இல் அது 15 சதவீதமானது. உச்சவரம்பு 15 லட்சம் ரூபாய். அடுத்து வருமான வரிச் சட்டத்தில் 80ஹெச்ஹெச் பிரிவு: பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால், 10 ஆண்டுகளுக்கு லாபத்தில் 20 சதவீதத்துக்கு வரி கிடையாது.

தமிழ்நாட்டில் 1971இல் சிப்காட் பிறந்தது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டம் பின்தங்கிய பட்டியலில் இருந்தது. ஓசூர் அப்போது அந்த மாவட்டத்தின் வடக்கு மூலை.

இங்கேதான் விஷயம். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். தர்மபுரி நகரம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது காகிதத்தில் பின்தங்கிய மாவட்டம், நிஜத்தில் ஒரு பெருநகரத்தின் வாசல். உதிரிபாகம் செய்பவர், பொறியாளர், வங்கி, விமான நிலையம் எல்லாம் கூப்பிடு தூரம். 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்து வந்தது. அசோக் லேலண்ட் வந்தது. டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனும் வந்தது.

யோசித்துப் பாருங்கள், லாரி செய்கிற கம்பெனிக்கு 15 லட்சம் ஒரு தொகையா? பெங்களூரை ஒட்டி வர நினைத்தவர்களை எல்லைக்கு இந்தப் பக்கம் வரவைக்க அது உதவியிருக்கலாம். பென்னாகரத்துக்கும் அரூருக்கும் அனுப்புகிற பலம் அதற்கு இல்லை. அதே மாவட்டம், அதே சலுகை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும்தான் பஸ் ஏறுகிறார்கள்.

இது ஓசூரோடு முடிகிற கதையில்லை. 1978இல் அமைந்த சிவராமன் குழு நாடு முழுக்கப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னது. மானியத்தின் பெரும்பகுதி ஒரு சில மாவட்டங்களுக்கே போயிருந்தது, அவையும் வளர்ந்த நகரங்களுக்குப் பக்கத்தில் இருந்தவை. மாவட்டம் ரொம்பப் பெரிய அளவுகோல், வட்டார அளவில் பின்தங்கலை அளக்க வேண்டும் என்றது குழு. 1988இல் மானியம் நிறுத்தப்பட்டது.

அப்படியானால் எல்லாம் வீணா? அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. டைட்டன், சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளை எடுத்து, கடிகாரம் செய்யப் பழக்கியது. அந்தக் குடும்பங்களுக்கு அது வாழ்க்கை.

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதோடு போய்விட்டது. அதுவரை தர்மபுரியின் தொழில் கணக்கைத் தூக்கி நிறுத்தியதே ஓசூர்தான். அது பிரிந்ததும், பட்டியலில் இடம் வாங்கித் தந்த பழைய வறுமை தர்மபுரியிடமே தங்கிவிட்டது.