எமலாஹ்லேனி: சுரங்கக் கழிவுநீர் சுவரான வரலாறு

எமலாஹ்லேனி என்பது தென்னாப்பிரிக்காவின் உம்புமலங்கா மாகாணத்தில், ஜொகானஸ்பர்க்கிற்குக் கிழக்கே உள்ள நகரம். 2006 வரை இதன் பெயர் விட்பாங்க். புதிய பெயருக்கு 'நிலக்கரி உள்ள இடம்' என்பது பொருள். நூறாண்டுகளுக்கும் மேலாக நிலக்கரியால் வாழ்ந்த இந்நகரத்தின் நீரைக் கெடுத்ததும் அதே நிலக்கரிதான். கெட்ட நீரைக் குடிநீராகவும், அதில் கரைந்திருந்த கழிவைக் கட்டடப் பொருளாகவும் மாற்றிய முயற்சியால் இவ்வூர் உலகக் கவனம் பெற்றது.

அமில நீர் உருவாகும் முறை

நிலக்கரிப் படுகைகளில் பைரைட்டு எனப்படும் இரும்பு சல்பைடு கலந்திருக்கும். மண்ணுக்குள் புதைந்திருக்கும்வரை அதனால் தீங்கில்லை. சுரங்கம் தோண்டும்போது காற்றும் நீரும் அதன்மீது படுகின்றன. கந்தக அமிலம் உருவாகிறது. அந்த அமிலம் சுற்றியுள்ள பாறைகளிலிருந்து இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் முதலிய உலோகங்களைக் கரைத்துக்கொள்கிறது.

சுரங்கம் இயங்கும்வரை உள்ளே ஊறும் நீரைப் பம்புகள் வெளியேற்றிக்கொண்டிருக்கும். சுரங்கத்தை மூடியதும் பம்புகள் நிற்கும். பள்ளங்கள் நிரம்பி, அமில நீர் மேலே வழியும். விட்பாங்கிற்கு அருகே 1953-இல் கைவிடப்பட்ட டிரான்ஸ்வால் அண்ட் டெலகோவா பே நிலக்கரிச் சுரங்கம் இதற்குச் சான்று. அங்கிருந்து கசிந்த நீர் சிற்றோடைகள் வழியே ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுப் படுகையில் கலந்தது. அந்த ஆறு குரூகர் தேசியப் பூங்காவைக் கடந்து மொசாம்பிக் நாட்டில் லிம்போபோ ஆற்றுடன் சேர்கிறது. எனவே, ஓர் ஊரின் கழிவு இரு நாடுகளின் சிக்கலாயிற்று.

முன்னோடி முயற்சிகள்

சுரங்க நீரிலிருந்து பயன்பெறும் எண்ணம் புதியதன்று. வேல்சு நாட்டின் ஆங்கில்சி தீவிலுள்ள பாரிசு மலையில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் செம்புச் சுரங்க நீரைக் குளங்களில் தேக்கி, பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டுச் செம்பைப் பிரித்தெடுத்தனர். எஞ்சிய நீரில் படிந்த காவி மண், வண்ணப்பூச்சுக்கான நிறமியாக விற்கப்பட்டது. ஆனால் அங்கு நோக்கம் வருமானமே. நீரைத் தூய்மையாக்குவது அன்று.

2007: சுத்திகரிப்பு நிலையம்

2000-களில் எமலாஹ்லேனியில் ஒரு முரண் நிலவியது. குடிநீர் போதாமல் நகரம் தவித்தது. அதன் அடியிலிருந்த சுரங்கங்களிலோ பயன்படாத நீர் பெருகிக் கிடந்தது. ஆங்கிலோ அமெரிக்கன், பி.எச்.பி. பில்லிட்டன் ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் 2007-இல் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 2.5 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு இருந்தது. பின்னர் அத்திறன் விரிவாக்கப்பட்டது.

அமில நீருடன் முதலில் சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. அமிலம் நடுநிலையடைந்து உலோகங்கள் சேறாகப் படிகின்றன. பிறகு நீர், வீடுகளில் 'ஆர்.ஓ.' என்று நாம் அழைக்கும் சவ்வு முறையில் வடிகட்டப்படுகிறது. தூய நீர் நகரக் குழாய்களுக்குச் செல்கிறது. சவ்வைக் கடக்காத அடர்ந்த கரைசலில் உள்ள சல்பேட்டு, சுண்ணாம்பிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து ஜிப்சமாகப் படிகிறது. ஒரு கிலோ சல்பேட்டிலிருந்து ஏறத்தாழ 1.8 கிலோ ஜிப்சம் கிடைக்கும். எனவே இவ்வளவு பெரிய நிலையத்தில் அது மலைபோல் குவியும். குவித்து வைக்க நிலமும் செலவும் வேண்டும். மழையில் கரைந்து மீண்டும் நீரில் கலக்கும் அபாயமும் உண்டு.

ஜிப்சத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் பெருமளவு நீங்கி மாவாகும். அதில் மீண்டும் தண்ணீர் சேர்த்தால் சில நிமிடங்களில் கல்போல் இறுகும். சுவர்ப் பலகை, கட்டடக் கல், உட்கூரைத் தகடு ஆகியவற்றுக்கு இப்பண்பே அடிப்படை. சிமெண்டு விரைவில் இறுகிவிடாமல் இருக்கவும் ஜிப்சம் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. எமலாஹ்லேனி நிலையத்தின் ஜிப்சத்தைக் கொண்டு சுரங்கப் பணியாளர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன.

வரம்புகளும் படிப்பினையும்

இம்முறைக்கு வரம்புகள் உண்டு. ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையக்கூடியது. ஆதலால் மழைபடும் வெளிச்சுவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு தேவை. இயற்கை ஜிப்சம் மலிவாகக் கிடைக்கும் இடங்களில் இது விலையில் போட்டியிட வேண்டும். விட்வாட்டர்சுராண்டு தங்கச் சுரங்க நீரில் யுரேனியமும் கலந்திருப்பதால், அங்கு படியும் கழிவைச் சோதிக்காமல் வீட்டுச் சுவரில் பயன்படுத்த இயலாது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி செலவு பற்றியது. நிலக்கரி சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும்; அமில நீரோ நூற்றாண்டுக் கணக்கில் ஊறும். கல்லும் குடிநீரும் விற்றுக் கிடைக்கும் பணம் சுத்திகரிப்புச் செலவின் ஒரு பகுதியைக் குறைக்கலாம். முழுவதையும் ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே, சுரங்கம் மூடப்பட்ட பின்னும் பம்பும் சவ்வும் இயங்குவதற்கான நிதியை, நிலக்கரி விற்பனையாகும் காலத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். 1953-இல் அவ்வாறு செய்யத் தவறியதன் விலையை அந்த ஆறு இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறது.