சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தின் 19ஆவது காதைக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்று பெயர். புகார் நகரத்துச் சிறையில் பசியால் வாடிக் கிடந்தவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து அன்னமிட்டாள் மணிமேகலை. செய்தியறிந்து வியந்த சோழ மன்னன் அவளை அழைத்து, அவள் வேண்டுவது யாது என்று வினவினான். பொன்னையோ பொருளையோ அவள் கேட்கவில்லை. அந்தச் சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றித் தர வேண்டும் என்று கேட்டாள். மன்னனும் இசைந்தான். தமிழ்ப் பெண்ணொருத்தி அரசனிடம் பெற்ற வரங்களுள் இதனினும் பெரியது வேறொன்று இருப்பதாக நாம் அறியோம்.

இக்கதையை மனத்திற் கொண்டு பெங்களூர் நகரத்துக்குச் சென்று பார்ப்போம். சேஷாத்ரி சாலையில், காந்தி நகரை ஒட்டி, 1860களில் எழுந்த மத்தியச் சிறைச்சாலை ஒன்று இருந்தது. நடுவில் ஓர் உயர்ந்த காவற்கோபுரம். அதனைச் சுற்றிக் கைதிகளின் கொட்டடிகள். கோபுரத்தில் நிற்கும் ஒருவனுடைய பார்வையிலேயே எல்லாரும் அடங்கியிருக்க வேண்டும் என்பது அக்காலத்து ஆங்கிலேயரின் சிறைத் தத்துவம். 2000ஆம் ஆண்டில் கைதிகள் நகரின் தெற்கே பரப்பன அக்ரஹாரத்துப் புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். பழைய இடம் 2008இல் சுதந்திரப் பூங்கா என்ற பெயருடன் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. காவற்கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் நிழலில் மக்கள் உலாவுகிறார்கள். குறைகளைச் சொல்லக் கூட்டம் கூடுகிறார்கள்.

சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிவிட்டது என்று நாம் மகிழலாமா? கட்டடம் மாறியது உண்மை. கைதிகளோ ஒரு மதிலிலிருந்து மற்றொரு மதிலுக்குள் சென்றார்கள். நாடு முழுவதையும் எடுத்துக் கொண்டால், 2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம் இருந்தது. அடைபட்டிருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேற்பட்டோர் இன்னும் குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். மதில் அல்லாத வேறு வழி உண்டா என்ற கேள்வி இவ்வெண்களிலிருந்தே பிறக்கிறது. அவ்வழியை நாடிச் சென்றவர்களுள் ஒருவர் பெங்களூரில் பிறந்தவர் என்பது நாம் நினைவில் வைக்கத் தக்கது.

சேலம் நஞ்சுண்டையா சுப்பாராவ் என்பது அவர் பெயர். 1929இல் பெங்களூரில் பிறந்தார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் தொடங்கிய வேளையில், பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுவனாக இருந்த அவர், அவ்வியக்கத்தின் முழக்கத்தைச் சுவரில் எழுதியமைக்காகப் போலீசாரிடம் பிடிபட்டார். சிறு வயதில் கைதான அச்சிறுவன், பிற்காலத்தில் துப்பாக்கி ஏந்தியவர்களைத் துப்பாக்கியில்லாமல் வெல்லும் பணியில் ஈடுபட்டான்.

மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் இடத்தில் சம்பல் ஆறு ஓடுகிறது. அதன் கரைகள் மழைநீர் அரித்த ஆழமான மண்பிளவுகளால் ஆனவை. ஓராயிரம் பேர் மறைந்தாலும் வெளியே தெரியாது. நிலத்தகராறு, குலப்பகை, பழிக்குப் பழி ஆகியவற்றால் ஊரை விட்டு ஓடியவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொள்ளையராயினர். அரசு படை அனுப்பியது. ஒரு கூட்டம் அழிந்தால் மறு கூட்டம் தோன்றியது.

1960இல் ஆசாரிய வினோபா பாவே அப்பகுதியில் நடைப்பயணம் மேற்கொண்டார். கொள்ளைத் தலைவன் மான்சிங்கின் மகன் தகசில்தார் சிங், தூக்குத் தண்டனை பெற்று நைனிச் சிறையிலிருந்தபடி அவருக்கு எழுதிய கடிதமே அதற்குத் தூண்டுகோலாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இருபது பேர் வினோபாவின் முன் ஆயுதங்களை வைத்துச் சரணடைந்தனர். இதனை எல்லாரும் பாராட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. மத்தியப் பிரதேசக் காவல்துறையின் தலைவராக இருந்த ருஸ்தம்ஜி வெளிப்படையாகவே குறை கூறினார். கொலையும் கொள்ளையும் செய்தவர்களுக்குப் புகழ்மாலை சூட்டுவதா, அவர்களால் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு என்ன விடை என்பது அத்தகையோரின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கு விடை சொல்லாத எந்த மாற்று வழியும் நிலைக்காது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்விடை ஓரளவு கிடைத்தது. சுப்பாராவ் 1970இல் மொரேனா மாவட்டத்து ஜௌரா என்ற ஊரில் மகாத்மா காந்தி சேவா ஆசிரமத்தை நிறுவினார். இளைஞர் முகாம்கள் நடந்தன. பாட்டும் உடலுழைப்பும் கதர்த் தொழிலும் ஊராரை ஒன்று சேர்த்தன. மக்கள் அவரை 'பாய்ஜி', அதாவது 'அண்ணா' என்று அழைத்தனர். 1971இல் மாதோ சிங் என்ற கொள்ளைத் தலைவர் மாறுபெயரில் பாட்னா சென்று ஜெயப்பிரகாச நாராயணரைச் சந்தித்துத் தம் தோழர்களின் சரணாகதிக்கு வழிசெய்ய வேண்டினார். ஜெயப்பிரகாசர் அரசினரோடு பேசினார். சரணடைபவர் எவரையும் தூக்கிலிடுவதில்லை, குடும்பங்களைக் காத்து வாழ வழிசெய்வது என்ற அளவில் உடன்பாடு ஏற்பட்டது. குற்றங்களை மறைப்பதோ வழக்குகளைக் கைவிடுவதோ உடன்பாட்டில் இல்லை.

1972ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஜௌராவில் காந்தியடிகளின் படத்தின் முன்னே துப்பாக்கிகள் குவிந்தன. மோகர் சிங், மாதோ சிங் முதலிய தலைவர்கள் தம் கூட்டத்தோடு ஆயுதம் துறந்தனர். தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தனர். நீதிமன்றங்கள் தண்டனை விதித்தன. பலர் முங்காவலியில் ஏற்படுத்தப்பட்ட திறந்தவெளிச் சிறையில் காலம் கழித்தனர். பின்னர் உழவர்களாக ஊர் திரும்பினர்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசு மட்டும் முயன்றபோது பகை வளர்ந்தது. ஊர் மட்டும் முயன்றிருந்தால் சட்டம் இடங்கொடுத்திராது. இரண்டுக்கும் நடுவே, இரு தரப்பாரும் நம்பத்தக்க மனிதர்கள் நின்றார்கள். குற்றம் செய்தவன் அதனை ஒப்புக்கொண்டான். சட்டம் தன் கடமையைச் செய்தது. சமூகம் அவன் திரும்பி வருவதற்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தது. தண்டனை முடிந்தபின் போக்கிடம் இல்லாதவனே மறுபடியும் குற்றத்துக்குள் விழுகிறான்.

இந்த எண்ணம் சம்பலில் மட்டும் தோன்றியதன்று. உத்தரப் பிரதேசத்தில் சம்பூர்ணானந்தர் அமைச்சராயிருந்தபோது, 1952இல், காசிக்கு அருகே சந்திரப்பிரபா அணை கட்டும் வேலையில் கைதிகள் மதிலில்லாத முகாமில் தங்கி உழைத்தனர். அவர் ராஜஸ்தான ஆளுநராகச் சென்ற பின், 1963இல் ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் திறந்த முகாம் ஏற்பட்டது. அங்கே கைதி தன் மனைவி மக்களோடு குடியிருக்கிறான். காலையில் வெளியே சென்று கூலிவேலையோ சிறுதொழிலோ செய்து தன் குடும்பத்தைத் தானே காப்பாற்றுகிறான். மாலையில் திரும்பி வந்து பெயர் சொல்லி நிற்கிறான். முகாமின் அன்றாட ஒழுங்கைக் கைதிகளுடைய பஞ்சாயத்தே கவனிக்கிறது. ஒருவன் ஓடினால் எல்லாருடைய நம்பிக்கையும் கெடும் என்ற எண்ணமே அங்கே மதில்.

கடல் கடந்த நாடுகளிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் 1974இல் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் இருபத்திரண்டு இடங்களில் சேதம் விளைவித்தனர். நன்னடத்தை அதிகாரி ஒருவரின் யோசனையால், அவர்கள் வீடு வீடாகச் சென்று பாதிக்கப்பட்டவர்களை நேரில் கண்டு இழப்பை ஈடுசெய்தனர். நியூசிலாந்து நாடு, மாவோரி மக்களின் வழக்கத்தை ஒட்டி, தவறு செய்த சிறுவரின் குடும்பமும் தீங்குற்றவரும் கூடி அமர்ந்து முடிவு காணும் முறையை 1989இல் சட்டமாக்கியது.

மீண்டும் பெங்களூருக்கு வருவோம். ஜௌராவில் துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் செய்த ஜெயப்பிரகாசரே 1975 ஜூன் மாத நெருக்கடி நிலையில் சிறைப்பட்டார். பெங்களூர் மத்தியச் சிறையில் வாஜ்பாயும் அத்வானியும் அடைக்கப்பட்டனர். 1976 மே மாதத்தில் அதே சிறைக்கு ஸ்நேகலதா ரெட்டி கொண்டு வரப்பட்டார். சென்னையில் நாடகக் குழு அமைத்து நடித்தவர். 1970இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' கன்னடத் திரைப்படத்தில் சந்திரியாக நடித்தவர். ஆஸ்துமா நோயாளியான அவர் விசாரணையின்றி எட்டு மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். அந்த நிலையிலும் உடனிருந்த ஏழைப் பெண் கைதிகளுக்காக வாதாடினார். அவர்களை அடிக்கும் வழக்கம் நின்றதையும் உணவு சற்றுத் திருந்தியதையும் தம் சிறைக் குறிப்பில் எழுதினார். 1977 ஜனவரி 15இல் விடுவிக்கப்பட்டவர், ஐந்து நாட்களில் மறைந்தார். மதிலுக்குள்ளும் சமூகம் ஒன்று உண்டு என்பதையும், அதனை ஒருவர் ஆற்ற முடியும் என்பதையும், அதற்கு அவர் தந்த விலையையும் நாம் மறத்தலாகாது.

1980களில் அதே சிறையிலிருந்து ராமமூர்த்தி என்ற கைதி உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பரில் நீதிபதி ஹன்சாரியா வழங்கிய தீர்ப்பு இந்தியச் சிறைகளின் ஒன்பது குறைகளை வரிசைப்படுத்திற்று. இடநெருக்கடி, விசாரணைத் தாமதம், சித்திரவதை, சுகாதாரக்கேடு, போதாத உணவும் உடையும் ஆகியவை அவற்றுள் சில. ஒன்பதாவது, திறந்தவெளிச் சிறைகளைப் பற்றியது. பெங்களூர் நகரை அடுத்த தேவனஹள்ளி வட்டத்துக் கோரமங்கலத்தில் அத்தகைய சிறையொன்று உண்டு. நகரத்துக்குள் இருக்கும் கோரமங்கலத்தினின்று இது வேறானது. அங்கே கைதிகள் உழவுத் தொழில் செய்கிறார்கள். ஆயினும் அதில் இடம் பெறுவோர் மிகச் சிலரே.

மைசூர்ச் சிறையில் ரங்காயணத்துக் கலைஞர் ஹுலுகப்ப கட்டிமனி கைதிகளைக் கொண்டு நாடகம் நடத்தியதும் இவ்வழியைச் சேர்ந்ததே. சேக்சுபியரின் மாக்பெத்தைத் தழுவிய 'மாரநாயகன்' நாடகத்தில், கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களே கொலையால் மனம் நொந்தவர்களாக நடித்தனர். தன் செயலைத் தானே எதிரில் நின்று காணும் வாய்ப்பு அது.

இந்நெறியில் அபாயமும் உண்டு. சமூகத்தின் பெயரால் நடப்பவை எல்லாம் அறமாகிவிடா. 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், தனி மனிதன் செய்த குற்றத்தைச் சாதி முழுவதன் மேலும் ஏற்றியது. சீர்திருத்தக் குடியேற்றம் என்ற பெயரில் குடும்பம் குடும்பமாக மக்களை அடைத்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பலர் மடிந்தனர். அச்சட்டம் 1952இல்தான் நாடு முழுவதும் ஒழிந்தது. நம் ஊர்களின் கட்டப் பஞ்சாயத்துக்களோ எளியவரை அடக்கவும் சாதி கடந்த மணங்களைத் தண்டிக்கவும் கருவியாகின்றன. 2011இல் உச்ச நீதிமன்றம் அவற்றைக் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே ஊர் கூடினால் மட்டும் போதாது. பெண்ணுக்கும் ஏழைக்கும் அச்சமின்றிப் பேச இடம் இருக்க வேண்டும். மறுத்துச் சொல்லும் உரிமை இருக்க வேண்டும். மேலே சட்டத்தின் கண் விழித்திருக்க வேண்டும்.

சட்டமும் கதவைச் சற்றே திறந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், தகுதியுள்ள குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், பிணையின் பேரில் ஊரிலேயே வாழவிட நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடி அதனைத் திருப்பித் தந்தவர் போன்றோருக்குச் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கிறது. முதன்முறை வழக்கில் சிக்கியவர் தம் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், மரணமோ ஆயுளோ தண்டனையாக உள்ள வழக்குகள் முதலிய சில நீங்கலாக, அவரை விடுவிக்கவும் அதே நாளில் வந்த நடைமுறைச் சட்டம் வழி கூறுகிறது. ஆனால் விடுதலையானவருக்கு வேலை தருபவர் யார்? குடியிருக்க வீடு தருபவர் யார்? இவை சட்டப்புத்தகத்தில் எழுதி முடிக்கக் கூடியவை அல்ல. நம் தெருவில், நம் பட்டறையில், நம் வாசலில் முடிவாக வேண்டியவை.

சுப்பாராவ் 2021 அக்டோபர் 27ஆம் நாள் தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். அவருடைய உடல் ஜௌரா ஆசிரமத்துக்கே கொண்டு செல்லப்பட்டு அங்கே தகனம் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் துப்பாக்கிகள் குவிந்த ஊர் அது.

பெங்களூர் சுதந்திரப் பூங்காவுக்குச் செல்லும் அன்பர்கள் அந்தக் காவற்கோபுரத்தை ஒரு கணம் நின்று பார்க்க வேண்டுகிறோம். மேலே நின்று எல்லாரையும் கண்காணித்தவன் இன்று இல்லை. ஆனால் அவன் கண்காணித்த கைதிகளின் வழிவந்தோர், சில கல் தொலைவில், வேறொரு மதிலுக்குள் இருக்கிறார்கள். மணிமேகலை மன்னனிடம் வரம் கேட்பதற்கு முன் கைதிகளுக்கு அன்னமிட்டாள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.